குதிகால் நாண் வலி: பயிற்சியை நிறுத்தாமல் சரிசெய்வது எப்படி?

குதிகாலுக்குச் சற்று மேலே, இரு விரலால் கிள்ளினால் வலிக்கிறதா? காலையில் முதல் சில அடிகள் விறைப்பாக இருந்து, நடக்க நடக்க இளகிவிடுகிறதா? அப்படியானால் இந்தச் செய்முறை உங்களுக்கானது. 'டப்' என்ற சத்தத்தோடு வலி வந்து, நுனிக்காலில் நிற்கவே முடியாமல் போனவர்கள் இன்றே மருத்துவரிடம் போங்கள். அக்கிலிஸ் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் இந்தக் குதிகால் நாண்தான்) அறுந்திருக்கலாம்.

முழு ஓய்வில் வலி அடங்கும். ஆனால் நாணின் தாங்குதிறனும் சேர்ந்து குறைவதால், திரும்ப ஓடினால் வலியும் திரும்பும்.

படி 1: சுவரைத் தொட்டபடி நின்று, இரு குதிகாலையும் தூக்கி இறக்குங்கள். ஏற 3 நொடி, இறங்க 3 நொடி. 15 தடவை வீதம் 3 சுற்று. நொடிகளை மனதுக்குள் எண்ண வேண்டாம், அது அவசரப்படும்; சீரான இடைவெளியில் 'டிக்' ஒலி தரும் இலவச மெட்ரோனோம் செயலி போதும். மசாஜ் கருவிக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

படி 2: வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 5 வரை போகலாம். வலிக்கிறது என்றாலே நாண் கிழிகிறது என்று அர்த்தமில்லை. 2007-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், இந்த வரம்புக்குள் ஓடவும் குதிக்கவும் செய்தவர்களும், ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்திவைத்தவர்களைப் போலவே தேறினார்கள்.

படி 3: என்னை அதிகம் குழப்பியது இதுதான். அன்றைய வலியை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது, ஏனென்றால் உடல் சூடானதும் நாண் வலி மறைந்துகொள்ளும். மறுநாள் காலை, படுக்கையை விட்டு இறங்கியதும் வைக்கும் முதல் பத்து அடிகளுக்கு மதிப்பெண் போட்டுக் குறித்துவையுங்கள். வழக்கமான அளவுதான் என்றால் நேற்றைய சுமை சரி. கூடியிருந்தால் அடுத்த முறை சுற்றையோ எடையையோ குறையுங்கள். பயிற்சியை விட்டுவிட வேண்டாம். கெண்டைக்கால் சதையில் மட்டும் வலி என்றால் கணக்கில் சேர்க்காதீர்கள். புதுப் பயிற்சியால் வரும் அந்தச் சதைவலி ஓரிரு நாளில் உச்சம் தொட்டுத் தானாகப் போய்விடும்.

படி 4: எளிதானதும் ஒற்றைக் கால், பிறகு முதுகுப்பையில் புத்தகங்கள். முழங்காலை நீட்டியும் செய்யுங்கள், சற்று மடக்கியும் செய்யுங்கள். மடக்கும்போது உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை கூடும். 1998-இல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் வெளியிட்ட புகழ்பெற்ற முறையில் தினமும் 180 தடவை, 12 வாரம். எனக்கு அது சலிப்பு. அதிக எடையில் நிதானமாக வாரம் 3 நாள் செய்தாலும் கிட்டத்தட்ட அதே பலன் என்று 2015 ஆய்வு ஒன்று காட்டியது. என் ஓட்டு இதற்கே. எதுவானாலும் 12 வாரம் பிடிக்கும்.

பின்சேர்க்கை: படிக்கட்டு விளிம்பில் நின்று செய்து வலி கூடியதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். நாண் எலும்போடு சேரும் இடத்திலேயே வலி இருந்தால், குதிகாலைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்காதீர்கள். அங்கே நாண் எலும்பில் அழுந்தும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது வலி தொடங்கியிருந்தால், பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவ்வகை மருந்துகள் நாணையே பாதிக்கக்கூடும்.