கார் விபத்தும் மார்புக் காயமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நசுங்கிய காரைப் பார்த்ததும் உள்ளே இருந்தவரின் நிலையைக் கணித்துவிடுவதுதான் முதல் தவறு. இன்றைய கார்களின் முன்பகுதி மோதலின் ஆற்றலை உள்வாங்கி நசுங்கும்படியே வடிவமைக்கப்படுவதால், முகப்பு அப்பளமாக நொறுங்கிய வண்டியிலிருந்தும் ஒருவர் வெறும் சிராய்ப்போடு இறங்கி வரக்கூடும். பக்கவாட்டு மோதலிலோ கதவுக்கும் விலாவுக்கும் இடையே சில அங்குலமே இருக்கிறது. அங்கே சிறிய சேதமும் எலும்பு முறிவை மறைத்திருக்கலாம். வண்டியின் வேகம் எவ்வளவு திடீரெனக் குறைந்தது என்பதே முக்கியம். வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால் ஆற்றல் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டே கால் மடங்கு ஆகிறது.

வயதைக் கணக்கில் கொள்ளாததும் தவறே. இளைஞரின் விலா வளைந்து கொடுக்கும் அதே விசையில் எழுபது வயதுக்காரரின் விலா முறியும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு முறிந்த விலாக்களின் எண்ணிக்கை கூடக்கூட நிமோனியாவுக்கும் மரணத்துக்குமான வாய்ப்பு கூடுகிறது.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற சொல்லை முழு விடுதலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண எக்ஸ்ரே பல விலா முறிவுகளைக் காட்டாது. நுரையீரல் திசு நசுங்கி இரத்தம் கசிந்திருந்தால், அதன் பாதிப்பு முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் மோசமாகலாம். ஸ்டீயரிங் மார்பெலும்பில் பலமாக இடித்திருந்தால் இதயம் அடிபட்டிருக்கிறதா என்று அறிய ஈசிஜியும் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். சீட் பெல்ட் பதிந்த கன்றலை மருத்துவரிடம் காட்டாமல் விடுவதும் தவறு. பெல்ட் உயிரைக் காத்திருக்கும், ஆனால் எவ்வளவு விசை எந்த வழியே சென்றது என்பதற்கு அந்தக் கன்றலே சாட்சி. வீடு திரும்பிய பின் மூச்சுத்திணறல் அதிகரித்தாலோ, காய்ச்சல், சளியில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குணமடையும் காலத்தில்தான் அக்கறை மிகுந்த குடும்பங்களே அதிகம் தவறுகின்றன. மார்பைத் துணியால் இறுகக் கட்டுவது பழைய வழக்கம். அது மூச்சை ஆழமாக இழுக்க விடாததால் இன்று மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. வலி மாத்திரையைத் தவிர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதை வீரம் என்று நினைப்பவர்களும் உண்டு. வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சுவிட்டு, இருமலை அடக்கிப் படுத்தே கிடந்தால், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கிக் கிருமித்தொற்று ஏற்படுகிறது. மருத்துவர் சொன்ன இடைவெளியில் மருந்து எடுத்துக்கொண்டு, தலையணையை மார்போடு அணைத்தபடி இருமி, மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப்பயிற்சிக் கருவியை விழித்திருக்கும் நேரமெல்லாம் இடையிடையே பயன்படுத்தி, முடிந்தவரை எழுந்து நடப்பதே சிகிச்சை. புகைபிடிப்பவர் அதை நிறுத்தியே ஆக வேண்டும். எளிய விலா முறிவு பெரும்பாலும் ஆறு வாரங்களில் கூடிவிடும். வலி மூன்று மாதம் வரைகூட நீடிக்கலாம். பல இடங்களில் முறிந்தவர்களுக்கு இன்னும் அதிக நாட்கள் ஆகும்.

மீண்டும் காரில் ஏறும்போது, வலிக்கிறதென்று பெல்ட்டை அக்குளுக்குக் கீழே நுழைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த மோதலின் விசை கீழ் விலாக்களிலும், அவற்றின் பின்னுள்ள கல்லீரல், மண்ணீரலிலும் இறங்கும். தோளின் நடுவே பெல்ட்டை அணிய முடியாத அளவுக்கு வலி இருந்தால், பயணத்தைச் சில நாட்கள் தள்ளிப்போடலாம். விபத்தில் விசை தாங்கிய பழைய பெல்ட்டை மாற்றாமல் அதே வண்டியை ஓட்டவும் கூடாது.