பூட்டிய வீட்டுக்கும் வரி உண்டு: செட்டிநாட்டு வீடுகளில் சொத்து வரி பாக்கி சேர்வது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொத்து வரி பாக்கி நிற்கிற பெரிய வீடுகளை எடுத்துக்கொண்டால், கையில் பணமில்லாமல் பாக்கி விழுந்தவை குறைவு. எட்டுப் பங்காளிகள் உள்ள வீட்டில், "மூத்த அண்ணன் கட்டியிருப்பாக" என்று ஏழு பேர் சும்மா இருப்பார்கள். மூத்தவரோ கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, "ஊரோட இருக்கிறது தம்பிதானே, அவன் பார்த்துக்கிருவான்" என்று நினைத்துக்கொண்டிருப்பார். வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) எந்த அறை எந்தப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான எந்தக் குடும்பத்துக்கு, முகப்புத் திண்ணையை யார் யார் புழங்கலாம் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரிந்த குடும்பத்துக்கு, கடைசி வரி ரசீது யார் பெட்டியில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. கீழே சொல்லும் தவறுகளில் பாதி இங்கிருந்து கிளைப்பவைதான். ஆகவே முதல் வேலை, பொறுப்பாக ஒருவரைச் சொல்லிவிடுவது. மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. போனில் பணம் கட்டத் தெரிந்த மருமகளாக இருந்தால் இன்னும் நல்லது.

மார்ச் வரை நேரம் இருக்கிறது என்ற நினைப்பு

ஊராட்சியில் வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டு வரி கட்டிப் பழகியவர்களிடம் இந்த நினைப்பு அதிகம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றிலும் சொத்து வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி.

1 சதவீதம்தானே என்று தோன்றும். அரையாண்டு வரி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷம் கட்டவில்லை என்றால் நான்கு அரையாண்டு, அசல் 12,000. முதல் அரையாண்டுக்கு ஏறக்குறைய 24 மாத வட்டி, அடுத்ததற்கு 18, பிறகு 12, கடைசிக்கு 6. ஆக 60 மாதம், மாதத்துக்கு 30 ரூபாய், வட்டி மட்டும் 1,800. காலத்தில் கட்டியிருந்தால் ஒவ்வொரு அரையாண்டிலும் 150 ரூபாய் மிச்சம், நான்குக்கு 600. இந்த 2,400 ரூபாய் மறதிக்குக் கொடுத்த விலை. பணத்தை வட்டிக்கு விட்டே பர்மா வரை போய்வந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதே கொஞ்சம் கூச்சம்தான்.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வரவு ஏப்ரலிலும் அக்டோபரிலும்தான் அமையும் என்று யார் சொன்னது? வரி இணையத்திலேயே கட்டக்கூடியது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு டி.என். அர்பன் இ-பே தளம், கிராம ஊராட்சிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் வி.பி. டாக்ஸ் தளம். சிங்கப்பூரில் இருக்கும் பேரன்கூடக் கட்டலாம், வரிவிதிப்பு எண் மட்டும் கையில் இருந்தால் போதும்.

பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருப்பது

இது நாணயமானவர்கள் செய்யும் தவறு. வருஷா வருஷம் ஊரில் இருக்கும் ஆளுக்கு ஒரே தொகையை அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருப்பார்கள். 2022-23 முதல் அரையாண்டிலிருந்து தமிழகம் முழுவதும் நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தது. சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. இரண்டு கட்டு, மூன்று கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பகுதிகள் அமைந்து தெருவுக்குத் தெரு நீளும் நம்மூர் வீடு எந்த வகையில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வரி இரண்டு மடங்கு. பழைய தொகையைக் கட்டியவர் பாதிதான் கட்டியிருக்கிறார், மீதிப் பாதி பாக்கியாகி வட்டியோடு ஏறிக்கொண்டிருக்கிறது. அதன்பிறகு ஆண்டுதோறும் உயர்த்தும் முறையும் வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு முறையும் தளத்தில் கேட்புத் தொகையை, அதாவது உள்ளாட்சி கேட்கும் வரித் தொகையை, பார்த்துவிட்டுக் கட்டுங்கள். போன வருஷ ரசீது இந்த வருஷத்துக்குக் கணக்காகாது.

ஒரு வீடு, இரண்டு எண்

செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய சிக்கல் இது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். நமக்கு அது ஒரே வீடு. உள்ளாட்சிப் பதிவேட்டில் இரண்டு கதவிலக்கம், சில இடங்களில் இரண்டு வரிவிதிப்பு எண். முன்பக்கத்துக்கு ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள், பின்பக்க எண் பத்து வருஷமாகத் தூங்கும். கார் கொட்டகையைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அது தனி எண்ணாகவும் வணிக விகிதத்திலும் இருக்கலாம். எதிரே உள்ள தோட்டம் காலிமனை வரியில் இருக்கலாம். குடிநீர்க் கட்டணத்துக்கு வேறு எண், பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதற்கு வேறு. குடிநீர்க் கட்டண ரசீதை வைத்துக்கொண்டு "வரி கட்டியாச்சே" என்று வாதாடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வருவாய்ப் பிரிவுக்குப் போய், "இந்த வீட்டுக்கு ஒரு எண்தானா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். முன் தெருப் பெயர், பின் தெருப் பெயர், இரண்டு பக்கமும் உள்ள பழைய, புதிய கதவிலக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய், இந்த எல்லைக்குள் என்னென்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள். கிடைத்த எண்களை எல்லாப் பங்காளிகளும் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுங்கள்.

காரைக்குடியைச் சுற்றியுள்ளவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. ஊராட்சியில் கட்டிய பழைய ரசீதுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதிவேடு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, கட்டிய வருஷம் கட்டாத வருஷமாகத் தெரிந்தால், உங்களுக்குச் சாட்சி அந்தத் தாள் ஒன்றுதான்.

ஐயா பெயரிலேயே இருக்கட்டும்

விலாசத்தோடு, இனிஷியல்களோடு, காலமாகி நாற்பது வருஷம் ஆன ஐயா பெயரில்தான் பல வீடுகளுக்குக் கேட்பு வருகிறது. மாற்றப் போனால் சண்டை வரும் என்ற பயம். தன் பெயரை மட்டும் போட்டு ஒருவர் வீட்டையே எழுதிக்கொள்வாரோ என்ற சந்தேகம். இதனால் வரி கட்டவே முன்வராதவர்களும் உண்டு, கட்டவிடாதவர்களும் உண்டு.

சொத்து வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஒருவர் பணம் கட்டியதால் அவர் பங்கு கூடாது, கட்டாததால் உங்கள் பங்கு குறையாது. யார் கட்டினாலும் அது அந்த எண்ணுக்கான வரி, அவ்வளவே. ஆகவே பெயர் மாற்றச் சண்டை தீரும்வரை வரியை நிறுத்தி வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. பெயர் மாற்றும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கடைசி ரசீது எல்லாம் கேட்பார்கள், பாக்கியையும் தீர்த்துவிட்டு வரச் சொல்வார்கள். நாள் தள்ளத் தள்ள வாரிசுப் பட்டியல் நீண்டு, கையெழுத்து வாங்க வேண்டிய ஆள் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் பரவிவிடுவார்கள். முடிந்தால் எல்லா வாரிசுகளின் பெயரும் சேர்ந்து வரும்படி மாற்றிக்கொள்வது சச்சரவில்லாத வழி.

பட்டா மாறிவிட்டதால் வரியும் மாறியிருக்கும் என்று நினைப்பது இதன் தங்கை. பட்டா வருவாய்த் துறை, தாசில்தார் அலுவலகம். சொத்து வரி உள்ளாட்சி. இரண்டுக்கும் தனித்தனி மனு.

ஆளில்லாத வீடு, இடித்த வீடு

யாருமே குடியில்லை, பிறகு எதற்கு வரி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொத்து வரி கட்டடத்துக்கும் இடத்துக்கும் விதிப்பது. வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் கேட்பு ஓடும். இதைவிட மோசம், பூட்டிய வீட்டில் கேட்பு நோட்டீஸ் கதவிடுக்கில் செருகப்பட்டு மழையில் கரைந்துபோவது. நோட்டீஸ் வரவில்லை என்பதால் வட்டி நிற்காது. உள்ளாட்சிப் பதிவில் பொறுப்பாளரின் கைபேசி எண்ணைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

வீட்டை இடித்தவர்கள் செய்யும் தவறு வேறு. தூண், நிலை, கதவு எல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்து, வெறும் தரையாகக் கிடக்கும். பதிவேட்டில் மட்டும் மூன்று கட்டு வீடு அப்படியே நிற்கும், அரையாண்டுக்கு அரையாண்டு வரி கேட்டுக்கொண்டு. இடித்ததும் எழுத்து மூலம் தெரிவித்து, நேரில் பார்க்க வைத்து, காலிமனையாக மாற்றச் சொல்ல வேண்டும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறாக, வீட்டை விடுதியாகவோ கடையாகவோ மாற்றிவிட்டுக் குடியிருப்பு வரியே கட்டிக்கொண்டிருப்பவர்கள், என்றைக்காவது அளக்க வரும்போது வித்தியாசத் தொகையை மொத்தமாகச் சந்திக்க வேண்டிவரும்.

வரி அதிகம் என்று கோபித்துக்கொண்டு கட்டாமல் இருப்பது

கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஓட்டுக் கட்டடத்தைக் கான்கிரீட் என்று போட்டிருக்கலாம். வானம் தெரியும் வளவு முற்றத்தையும் கட்டடப் பரப்பில் சேர்த்து அளந்திருக்கலாம். மேலிருந்து பார்த்துப் போட்ட அளவென்றால் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. அளவுச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி, ஒரு டேப்பை வைத்து முகப்பு, பட்டாசாலை, கட்டுகள் எல்லாவற்றையும் நீங்களே தனித்தனியாக அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் நோட்டீஸில் குறித்த நாளுக்குள் ஆட்சேபணை கொடுங்கள். ஆனால் மனு கொடுத்ததால் வரி நிற்காது. தகராறில்லாத தொகையைக் கட்டிக்கொண்டே வழக்காடுபவருக்குத்தான் அலுவலகத்தில் மரியாதை.

"வட்டியைத் தள்ளுபடி செய்வார்கள், பொறு" என்று யாராவது சொன்னால், அறிவிப்பு எங்கே என்று கேளுங்கள். வராத தள்ளுபடிக்காகக் காத்திருந்த காலத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி. கையில் முழுத் தொகை இல்லையென்றால் இருப்பதைக் கட்டுங்கள், பொதுவாக அது மிகப் பழைய பாக்கிக்கே முதலில் வரவாகும். அதைத் தெரியாமல் "இந்த அரையாண்டுக்குக் கட்டினேன்" என்று நினைத்திருந்தவர்கள் பிறகு குழம்புவார்கள், ரசீதில் எந்த அரையாண்டு என்று அச்சாகியிருப்பதைப் படித்துவிடுங்கள். கட்டாமலே விட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பதிலிருந்து ஜப்தி வரை உள்ளாட்சிக்கு வழி இருக்கிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் ரொக்கம் கொடுத்தனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். கட்டிய அன்றே ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தளத்திலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கைப்பட எழுதிய துண்டுச்சீட்டு ரசீதாகாது.

வாங்குகிறவர்கள் விடுவது

பங்கு வாங்குகிறவர்களும் முழு வீட்டை வாங்குகிறவர்களும் வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பார்கள், மூலப்பத்திரம் பார்ப்பார்கள், தேக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். சொத்து வரி பாக்கி வில்லங்கச் சான்றிதழில் வராது. ஆனால் அது அந்தச் சொத்தின் மேலேயே நிற்கும் பொறுப்பு, விற்றவர் போய்விட்டாலும் பாக்கி வீட்டோடு இருக்கும். கிரயத்துக்கு முன்பே முன் தெரு, பின் தெரு, கார் கொட்டகை, தோட்டம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் நடப்பு அரையாண்டு வரை கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பாக்கி இருந்தால் அதை விலையில் கழித்து, யார் கட்டுவது என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பதிவு முடிந்ததும் வரியின் பெயர் மாற்றத்துக்கும் உடனே மனு கொடுத்துவிடுங்கள்.