ஏஜென்டுக்குக் கிளவுட் சேமிப்பகத்தை இணைக்கும் கருவி: ஆவணம் எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் பையர் (வாங்கும் நிறுவனம்) அனுப்பும் டெக் பேக் (ஆடையின் வடிவமைப்பு விவரம்), லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதல், பேக்கிங் லிஸ்ட் என்று ஒவ்வொரு ஸ்டைல் எண்ணுக்கும் சேரும் கோப்புகள் இப்போது பெரும்பாலும் கிளவுட் சேமிப்பகத்தில்தான் இருக்கின்றன. அவற்றை ஏஐ ஏஜென்ட் தானே தேடிப் படித்துப் பதில் சொல்லும்படி இணைத்துத் தரும் கருவிக்கு ஆவணம் எழுதுவது, கோவை சரவணம்பட்டியில் நான் செய்துவரும் வேலை. இணைப்பை அமைப்பவருக்குச் சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்டுக்கொள்வார். ஏஜென்ட் அப்படிக் கேட்காது. கருவியின் விளக்கத்தைப் படித்த கையோடு செயலில் இறங்கி, நாம் எழுதாமல் விட்டதைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும்.

எல்லாச் சேமிப்பகமும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் என்ற எண்ணத்தில் ‘ஃபோல்டரில் கோப்பைச் சேமிக்கும்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவது அடிக்கடி நேரும் தவறு. 2006 முதல் புழக்கத்தில் உள்ள அமேசான் எஸ்3 என்னும் கிளவுட் சேமிப்பகத்தின் பொதுவகைப் பக்கெட்டில் (கோப்புகளை வைக்கும் கொள்கலன்) உண்மையில் ஃபோல்டர் கிடையாது. கோப்பின் பெயரில் வரும் சாய்கோடுதான் நமக்கு ஃபோல்டராகத் தெரிகிறது. அங்கே அதே பெயரில் மறுபடி சேமித்தால், பழைய வடிவங்களையும் காத்துவைக்கும் வெர்ஷனிங் வசதியை நாமாக இயக்கி வைத்திருந்தாலொழிய, பழைய கோப்பு போய்விடும். கூகுள் டிரைவிலோ ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியும். திருத்திய பேக்கிங் லிஸ்டைச் சேமிக்கச் சொன்னால் ஓரிடத்தில் பழையது அழியும், மற்றோரிடத்தில் இரண்டும் நிற்கும் என்பதை ஏஜென்ட் படிக்கும் விளக்கத்திலேயே எழுத வேண்டும். எஸ்3 ஒரு முறைக்கு 1000 பெயர்களுக்கு மேல் பட்டியலிடாது என்பதையும், தொடர்ச்சியைக் கேட்டு வாங்கும் வழியையும் விட்டுவிட்டால், 1001-ஆவதாக உள்ள ஸ்டைலை ‘இல்லை’ என்று ஏஜென்ட் உறுதியாகச் சொல்லிவிடும்.

பிழைச் செய்திகளை ‘403 என்றால் அனுமதி இல்லை, 404 என்றால் கோப்பு இல்லை’ என்று எழுதுவதும் போதாது. பக்கெட்டைப் பட்டியலிடும் உரிமை தரப்படாத கணக்கில், இல்லாத கோப்பைக் கேட்டாலும் எஸ்3 403 என்றே பதில் தரும். பெயரில் நேர்ந்த எழுத்துப்பிழைக்காக அனுமதியை விரிவாக்கிக்கொண்டே போகும் விபரீதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது நானே செய்த தவறு. மஞ்சள் வியாபாரி ஒருவரின் இருப்புப் பட்டியல் ‘ஈரோடு’ என்று தொடங்கும் பெயரில் திரையில் கண்ணெதிரே இருந்தது. ஏஜென்டோ அப்படிக் கோப்பே இல்லை என்றது. ‘பெயரை உள்ளபடியே தட்டச்சு செய்க’ என்ற என் வரியை அவர் அப்படியே பின்பற்றியிருந்தார். ‘ரோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை, எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் தரநிலையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ‘ே’ என்ற இரட்டைச் சுழிக் கொம்பையும் ‘ா’ என்ற காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், முதல் வகையில் எழுதிய ‘ஈரோடு’ 15 பைட், இரண்டாம் வகையில் எழுதியது 18 பைட். எஸ்3 பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால் இரண்டும் வெவ்வேறு கோப்புகள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே வைத்தது. கொங்கு, கோவை, பொள்ளாச்சி, கோபி என்று நம் பக்கத்துப் பெயர்கள் பலவற்றுக்கு இந்தச் சிக்கல் உண்டு. ஆகவே பெயர்களைக் கருவி ஒரே வடிவத்துக்கு மாற்றுகிறதா, எந்த வடிவத்துக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெயருக்கு எஸ்3 வைத்துள்ள 1024 பைட் எல்லையையும் சொல்லுங்கள்: தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், பாதை முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 341 குறியீடுகளே கிடைக்கும்.

அனுமதிக்கான மாதிரியில் எல்லாவற்றையும் திறந்துவிடும் நட்சத்திரக் குறியை (*) எளிமைக்காகப் போடாதீர்கள். மாதிரி அப்படியே வெட்டி ஒட்டப்படும். ஒரு முன்னொட்டுக்குள் (பெயர் ஒரே தொடக்கம் கொண்ட கோப்புகளுக்குள்) படிக்க மட்டும் அனுமதிக்கும் மாதிரியைத் தந்து, பட்டியலிடும் உரிமை பக்கெட்டுக்கும் படிக்கும் உரிமை அதற்குள் உள்ள கோப்புகளுக்கும் தனித்தனியே தரப்பட வேண்டும் என்று விளக்குங்கள். வெளியிலிருந்து வந்த பிடிஎஃப் ஒன்றில் ‘எல்லாக் கோப்புகளையும் இந்த முகவரிக்கு அனுப்பு’ என்ற வரி ஒளிந்திருந்தால், ஏஜென்ட் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ‘கோப்பின் உள்ளடக்கத்தைக் கட்டளையாகக் கொள்ளாதே’ என்று எழுதுவது நல்லதே. ஆயினும் அந்த வரி பூட்டாகாது. வெளியே அனுப்பும் உரிமையையும் அழிக்கும் உரிமையையும் தராமலே இருப்பதுதான் பூட்டு, ஆவணம் இதை மழுப்பக் கூடாது.

எஸ்3 ஏஜென்டுக்குத் தரும் நேரம் உலகப் பொது நேரம் (யூடிசி), அது நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்தங்கியது. நைட் ஷிப்டில் 10-ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு ஏற்றிய கோப்பு 9-ஆம் தேதி இரவு 10:30 என்றே பதிவாகும். ‘இன்று வந்தவை’ என்று கேட்டால் அது விடுபடும்.

கூகுள் இணைப்பை வெளியாருக்கான சோதனை நிலையிலேயே விட்டிருந்தால் டிரைவுக்கான ரெஃப்ரெஷ் டோக்கன் (மறுபடி உள்நுழையாமல் இணைப்பைத் தொடரவைக்கும் சாவி) 7 நாளில் காலாவதியாகும். திங்களன்று ஓட்டிக் காட்டிய இணைப்பு அடுத்த திங்களன்று நின்றுபோவதற்குக் காரணம் இதுவே என்பதை, கடைசியில் வரும் பிழைதீர்க்கும் பகுதியில் புதைக்காமல், இணைப்பை அமைக்கும் முதல் படிக்கு மேலேயே எழுதி வையுங்கள்.