பழைய வீடியோ கேம்களும் கைவிடப்பட்ட கருவிகளும்: வடசென்னையில் சேகரிக்கத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

தொண்ணூறுகளில் வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வளர்ந்தவர்கள் வீடியோ கேம் என்று சொல்லும்போது, டிவியில் இணைத்துக் கேசட் போட்டு விளையாடிய நகல் கருவிகளையும், கையில் பிடித்து விளையாடிய பிரிக் கேமையும்தான் பெரும்பாலும் குறிப்பிடுவார்கள். அவற்றோடு வாக்மேன், ஃபிளாப்பி, விசிஆர், பட்டன் வைத்த நோக்கியா போன் எல்லாம் இன்றும் வீட்டுப் பரண்களிலும் காயலாங்கடை மூட்டைகளிலும் கிடக்கின்றன. யாரும் உடைக்காமலேயே அவை அழிந்துகொண்டிருக்கின்றன. காசிமேட்டுப் பக்கமிருந்து வீசும் உப்புக்காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும், உள்ளேயே விட்டுவைத்த பேட்டரியும் அந்த வேலையைச் செய்கின்றன. இந்தப் பொழுதுபோக்கில் பொருளைத் தேடிப் பிடிப்பது பாதி வேலைகூட ஆகாது என்பது என் உறுதியான கருத்து. எனவே இந்த விளக்கத்தில் வாங்குவதைவிடக் காப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்க நினைப்பவரின் வீடு சில மாதங்களில் காயலாங்கடையாகிவிடும். கையடக்க விளையாட்டுகள், டிவி கேம்களும் கேசட்டுகளும், பழைய கைப்பேசிகள், ஒலிநாடாக் கருவிகள் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள்.

உலக அளவில் சேகரிப்பாளர்கள் தேடும் கருவிகளின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. நிண்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோகோய் உருவாக்கிய கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டு வரிசை 1980-இல் ‘பால்’ என்ற விளையாட்டோடு தொடங்கியது. அதே நிறுவனத்தின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் 1983-இல் ஜப்பானில் வெளிவந்தது. கேம் பாய் என்ற கையடக்கக் கருவி 1989-இல் வந்தது. நம் ஊரில் புழங்கிய நகல் கருவிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் வழித்தோன்றல்கள். அவற்றின் கேசட்டில் 60 பின்கள் இருக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கப்பட்ட ஃபேமிகாமின் மறுவடிவமான என்ஈஎஸ் கருவியின் கேசட்டில் 72 பின்கள் இருப்பதால், ஒன்றை மற்றொன்றில் நேரடியாகச் செருக முடியாது. கேசட் வாங்குவதற்கு முன் இந்த ஒரு வேறுபாட்டையாவது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

நகல் என்பதற்காக இந்தக் கருவிகளைத் தாழ்வாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்குள்ள பிள்ளைகள் விளையாடியது அவற்றில்தான். நம் பகுதியின் தொழில்நுட்ப வரலாறும் அவற்றில்தான் இருக்கிறது. அசல் ஜப்பானியக் கருவிகளைப் பாதுகாக்க உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தெருமுனைக் கடையில் வாங்கிய நகல் கருவியை நாம் வைத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

படி 2: தேடல்

முதலில் சொந்தக்காரர் வீடுகளில் கேளுங்கள். போகிக்கு முந்தைய வாரமும் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் இதற்கு மிகவும் ஏற்றவை. பரணைச் சுத்தம் செய்யும் அத்தையிடமோ பெரியப்பாவிடமோ, “எதையும் தூக்கிப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். வீட்டிலிருந்து வரும் பொருளுக்குக் கடைப்பொருளுக்கு இல்லாத ஒரு சிறப்பு உண்டு. அதை வாங்கியவர் யார், எந்த ஆண்டு வாங்கினார், யார் யார் விளையாடினார்கள் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது சென்ட்ரல் பக்கம். 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையான பிறகு, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலைய வளாகம் வந்தது. வியாபாரிகளில் பலர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில் இருக்கும் பர்மா பஜார், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் வாழ்வாதாரமாக உருவானது. வெளிநாட்டு மின்னணுப் பொருள்கள் என்றாலே ஒரு காலத்தில் சென்னைக்காரர்கள் போன இடம் அது. இன்று முகப்பில் புதிய பொருள்களே இருந்தாலும், நீண்ட காலமாகக் கடை வைத்திருப்பவர்களிடம் பொறுமையாகக் கேட்டால் பழைய அடாப்டர், கேசட் போன்றவற்றைப் பற்றித் தகவலாவது கிடைக்கும். வடசென்னைக்கு வெளியே போகத் தயாராக இருந்தால், கடற்கரை நிலையத்தில் தாம்பரம் ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்கி, வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பாருங்கள்.

காயலாங்கடைகளில் பொருளை எடைக்கு எடுக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். கடைக்காரரைப் பொறுத்தவரை அது பிளாஸ்டிக்கும் செம்பும்தான். “அண்ணே, இந்த மாதிரி வந்தால் உடைக்காமல் எடுத்து வையுங்கள், எடைக்கு மேலே போட்டுத் தருகிறேன்” என்று சொல்லி, ஒரு மாதிரிப் படத்தையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஒருமுறை கூடுதல் விலை கொடுத்துவிட்டால், அடுத்த முறை அவரே அழைப்பார்.

படி 3: கடையிலேயே சோதித்தல்

ஒரு சிறிய டார்ச், ஸ்டார் ஸ்குரூடிரைவர், நல்ல பேட்டரிகள் ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையடக்கக் கருவியில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது பேட்டரி அறை. உள்ளே வெள்ளைப் படிவோ பச்சைக் களிம்போ லேசாக இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். ஸ்பிரிங் அரித்து ஒடிந்திருந்தாலோ, களிம்பு ஒயர் வழியாக உள்ளே ஏறியிருந்தாலோ விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பிரிக் கேம் திரையில் சில கோடுகள் மட்டும் தெரியாமலிருந்தால், திரையையும் சர்க்யூட் போர்டையும் இணைக்கும் ரப்பர் பட்டையிலோ ரிப்பனிலோ தொடர்பு விட்டிருக்கக்கூடும். அது பல நேரங்களில் சரிசெய்யக்கூடிய குறை. திரையில் மை கொட்டியதுபோல் கருமை பரவியிருந்தால் திரையை மாற்றத்தான் வேண்டும்.

கேசட்டைத் திறந்து பார்க்க முடிந்தால், சர்க்யூட் போர்டில் தனித்தனிச் சிப்புகள் இருக்கின்றனவா, கருப்புப் பசைத் துளி ஒன்று மட்டும் இருக்கிறதா என்று கவனியுங்கள். பசைத் துளி இருந்தால் அது பெரும்பாலும் மலிவுவிலை நகல். நகலை நகலின் விலைக்கு வாங்குவதில் தவறில்லை. அசலின் விலை கொடுத்துவிடக் கூடாது.

கைப்பேசி என்றால் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் பொருளைத் தெரியாமல்கூட வாங்கிவிடக் கூடாது. பாம்பு விளையாட்டு முதலில் வந்த நோக்கியா 6110 மாடல் 1997-ஐச் சேர்ந்தது; டார்ச் வைத்த 1100 மாடல் 2003-இல் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியதால், பேட்டரிக்குக் கீழே ‘மேட் இன் இந்தியா’ என்று அச்சிட்ட போன் கிடைத்தால் நான் தனியாக எடுத்து வைப்பேன். போனுக்குள் முந்தைய உரிமையாளரின் எண்களோ செய்திகளோ இருந்தால், படிக்காமல் அழித்துவிடுங்கள்.

படி 4: மின்சாரம் கொடுப்பதற்கு முன்

புதிதாகத் தொடங்குபவர்கள் நல்ல கருவியைப் பாழாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செருகி பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஓர் அடாப்டரை மாட்டிவிடக் கூடாது. அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். அதன் செருகியில் நடுமுனை மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை பிளஸ். அமெரிக்க என்ஈஎஸ் கருவியோடு வந்த அடாப்டர் 9 வோல்ட் மாறுமின்சாரம் தருவது. அதைக் கொண்டுபோய் ஃபேமிகாமில் செருகினால் ஃபேமிகாம் கெட்டுப்போகும். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை என்பதால், நம் 230 வோல்ட் பிளக்கில் நேராக மாட்டினால் எரிந்துவிடும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி, அடாப்டரின் வோல்ட்டையும் முனைகளையும் அளந்து, கருவியின் அடிப்பக்கம் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்ட பிறகே இணையுங்கள்.

பழைய குழாய் டிவியின் பின்மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். படக்குழாய் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இயங்குவது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: சுத்தம் செய்தல்

பேட்டரி ஒழுகியிருந்தால், ஒழுகியது எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து வருவது காரம். பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டுத் துடைத்தால் அது சமனாகும். மலிவான ஜிங்க் கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது; அதற்குச் சமையல் சோடா கரைசல். கையுறை போட்டுக்கொண்டு, திரவம் உள்ளே வழியாதபடி சிறிது சிறிதாகச் செய்யுங்கள். கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

கேசட்டை ஊதிப் போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். வாயின் ஈரம் செம்புப் பின்களில் படிந்து களிம்பை வளர்க்கும். ஊதியவுடன் விளையாட்டு ஓடியதற்குக் காரணம், கேசட்டைக் கழற்றி மீண்டும் செருகியபோது பின்கள் புதிய இடத்தில் தொட்டதுதான். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பின்களின் நீளவாக்கில் தேய்த்து, பஞ்சில் கருமை வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். முதல் கேசட்டைத் துடைக்கும்போது வரும் அழுக்கைப் பார்த்தால், இத்தனை நாள் அது எப்படி ஓடியது என்ற வியப்பு வரும்.

வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாவதற்கு வெயிலின் புறஊதாக் கதிரும் பிளாஸ்டிக்கில் கலந்துள்ள புரோமின் சேர்மங்களும் காரணம் என்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்க வைக்கும் முறை இணையத்தில் பிரபலம். பழுப்பு மறுபடியும் திரும்பக்கூடும், பிளாஸ்டிக்கிலும் திட்டுகள் விழலாம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மென்மையான சோப்பு நீரே போதும்.

படி 6: திரையில் இணைத்தல்

மஞ்சள், வெள்ளைச் செருகிகளைக் கொண்ட ஏவி இணைப்பு உங்கள் கருவியில் இருந்தால் வேலை எளிது. ஆன்டெனா ஒயர் வழியாக மட்டும் படம் தரும் கருவியை, சேனலைத் தேடிப் பிடிக்கக்கூடிய பழைய டிவியில் பாருங்கள். துப்பாக்கி வைத்து வாத்து சுடும் விளையாட்டு மட்டும் தட்டைத் திரையில் ஓடாது. படக்குழாய் டிவி ஒளிரும் விதத்தையும் நேரத்தையும் நம்பித்தான் அந்தத் துப்பாக்கி இலக்கைக் கண்டறிகிறது. சேகரிப்பில் துப்பாக்கி இருந்தால், 14 அங்குலக் குழாய் டிவி ஒன்றையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கடற்காற்றிலிருந்து காத்தல்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வசிப்பவர்கள் இந்தப் படியை இருமுறை படிக்க வேண்டும். காற்றிலுள்ள உப்பு உலோகப் பரப்பில் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, செம்பையும் இரும்பையும் அரிக்கிறது. திறந்த அலமாரியில் அழகாக அடுக்கி வைப்பது நம் பகுதிக்கு ஒத்துவராது. மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பாக்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்கினால், அது பச்சையாக மாறும்போது ஈரம் நிறைந்துவிட்டது என்று தெரியும். பொட்டலத்தில் சொல்லியிருக்கும் சூட்டில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன், புரட்டாசியிலேயே எல்லா டப்பாக்களையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

பேட்டரியை உள்ளே வைத்து எந்தக் கருவியையும் மூடி வைக்காதீர்கள். உப்பிய கைப்பேசி பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. அதை வீட்டிலேயே வைத்திருக்கவும் கூடாது. பாச்சை உருண்டை சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும் என்பதால் டப்பாவுக்குள் போடாதீர்கள். ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: கண்ட்ரோலரின் ஒயரைக் கருவியின் மேலேயே சுற்றி வைத்தால், ஒயர் உறையை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் கசிந்து, கருவியின் பிளாஸ்டிக்கில் நிரந்தரத் தடம் விழும். ஒயரைத் தனிக் காகித உறையில் வையுங்கள்.

பரணில் வெக்கை அதிகம். தரையில் வெள்ள பயம். 2015-லும் 2023-லும் தண்ணீர் புகுந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்சுவர் ஓரமாக, இடுப்புக்கு மேல் உயரத்தில் உள்ள தட்டு ஏற்றது.

படி 8: குறிப்பேடு

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, வாங்கிய நாள், இடம், விலை, அப்போதிருந்த நிலை, செய்த பழுதுகள், விற்றவரோ கொடுத்தவரோ சொன்ன செய்தி ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெயரில்லாத நகல் கருவிக்கு வேறு எந்த ஆவணமும் கிடையாது. நீங்கள் எழுதுவதுதான் அதன் ஒரே வரலாறு. அட்டைப்பெட்டி, விலைச்சீட்டு, கடைப் பில் எது கிடைத்தாலும் படமெடுத்துக் குறிப்போடு சேருங்கள்.

படி 9: மிஞ்சியதை அகற்றுதல்

உதிரிக்காக வாங்கிக் குவித்தவற்றில் பயன்படாதவை சேரும்போது, அவற்றைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். செம்புக்காக ஒயரை எரிப்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகள்தான். மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். அனுப்புவதற்கு முன் ஸ்குரூ, ஸ்பிரிங், பட்டன் ரப்பர், ஒயர் ஆகியவற்றைக் கழற்றிச் சிறு டப்பாக்களில் பெயரெழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிரிக் கேமுக்குத் தேவைப்படும் பேட்டரி ஸ்பிரிங் எந்தக் கடையிலும் தனியாகக் கிடைப்பது அரிது.