மாடிக்கு ஷீட் போடுவதற்கு முன்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது என் அக்கா வீடு. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மொட்டை மாடியில் நீல நிற ஷீட் போட்டு ஐந்து வருடம்கூட ஆகவில்லை, இறவாணத்தின் அடிப்பக்கம் பூராவும் துரு. விரலால் தேய்த்தால் பெயின்ட் செதில் செதிலாக உதிர்கிறது.

"மழை படுற மேல்பக்கம் புதுசாட்டம் இருக்கு. மழையே படாத எடம் அரிச்சுப் போயிருக்கு. எப்படிடா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

மழை படாததுதான் காரணம். கடற்காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பை மேல்பக்கத்தில் மழை கழுவிவிடும். இறவாணத்துக்கு அடியில் கழுவ எதுவும் இல்லை. உப்பு அங்கேயே தங்கி, இரவு ஈரத்தை உறிஞ்சி, உள்ளே இறங்குகிறது. போதாததற்கு, கலர் ஷீட்டின் மேல்பக்கத்துக்கு 20 மைக்ரான் அளவுக்குப் பூசுகிறவர்கள் அடிப்பக்கத்துக்கு 5 முதல் 7 மைக்ரானோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். கடலோர வீடுகளில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவினால் இருப்பதும் கெடும்.

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் அந்த ஷீட்டின் பில்லை எடுத்துப் பார்த்தேன். "கலர் ஷீட், நீலம்" என்று மட்டும் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் முதல் தவறு இதுதான். நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம், நிறத்துக்கு அடியில் இருப்பதைக் கேட்பதில்லை. ஒரே நீலத்துக்கு அடியில் துத்தநாகம் மட்டும் பூசிய ஜி.ஐ. இருக்கலாம், கால்வால்யூமும் இருக்கலாம். கால்வால்யூம் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான். சாதாரண ஜி.ஐ. பூச்சைவிட அது வெயில் மழையில் பல மடங்கு நாள் தாங்கும். அதிலும் ஏ.இசட். 70, ஏ.இசட். 150 என்று வகை உண்டு. சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் பூச்சு என்பதுதான் அந்த எண். ஏ.இசட். 150 கேட்டு, அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து கனம். கடையில் "0.50" என்று சொல்வது பூச்சும் சேர்ந்த மொத்தக் கனமாக இருக்கும். பாரத்தைத் தாங்கப்போவது உள்ளே இருக்கும் எஃகின் கனம், அதாவது பி.எம்.டி. அதைத் தனியாகக் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், எடை போட்டாலே தெரிந்துவிடும். எஃகு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. மடிப்பு போடுவதற்கு முன் 1220 மி.மீ. அகலம் இருந்த 12 அடி ஷீட், உள் எஃகு 0.45 என்றால் கிட்டத்தட்ட 16 கிலோ வரும். 13 கிலோ காட்டினால் உங்களுக்குக் கொடுத்திருப்பது 0.35. மெல்லிய ஷீட்டில் ஆள் ஏறினால் முகடு நசுங்கும். நசுங்கிய இடத்தில் தண்ணீர் நிற்கும், ஓட்டை அங்கிருந்து தொடங்கும்.

கடலை ஒட்டிய வீட்டுக்கு அலுமினிய ஷீட்டுதான் நல்லது என்பது என் கருத்து. செந்துரு பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் எஃகு ஷீட் போடுவதைப் போலவே அதையும் போடுவது தவறு. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் ஷீட் கனமாக வேண்டும், ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்புகளை, அதாவது பர்லின்களை, நெருக்கி வைக்க வேண்டும். வெயிலில் எஃகைப் போல இரண்டு மடங்கு நீளும், ஸ்க்ரூ துளையில் அதற்கு இடம் விட வேண்டும். இரும்பு பைப்பின் மேல் நேரடியாக உட்கார்ந்தால் உப்புக் காற்றில் தொடும் இடம் அரிக்கும். நடுவே டேப் ஒட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள்.

சூட்டைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. பளபளப்பான வெறும் கால்வால்யூம் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பார்கள். திருப்பும்தான், ஆனால் ஏறிய சூட்டை எளிதில் விடாது. வெள்ளை பெயின்ட் அடித்த ஷீட் வெயிலையும் திருப்பும், ஏறிய சூட்டையும் விட்டுவிடும். அடர்நீலமும் சிவப்பும் சித்திரை வெயிலில் கீழே இருப்பவரைத்தான் வாட்டும். சூட்டைத் தடுக்க அடியில் கட்டும் பபுள் ஃபாயில் என்ற குமிழி விரிப்பின் பளபளப்பான முகத்துக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தால் போட்ட பணம் வீண். ஆள் படுக்கும் அறை என்றால் நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் போடுங்கள், மழைச் சத்தமும் குறையும்.

நல்ல ஷீட்டை வாங்கிவந்த பிறகு வேலையில் கெடுப்பதும் நடக்கிறது. கைப்பிடிச் சுவரை ஷீட் தொடும் இடத்தில் கொத்தனார் சிமென்ட் கலவையை வைத்து அடைப்பது எங்கும் பார்க்கும் காட்சி. ஈரச் சிமென்டின் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்னும். ஷீட் நீண்டு சுருங்கும்போது கலவை வெடிக்கும், அடுத்த ஐப்பசியில் சுவரோரம் ஒழுகும். அங்கே மடித்த தகடு வைத்து, மேலே சிலிக்கோன் சீலன்ட் பூச வேண்டும். கிரைண்டரால் ஷீட்டை அறுப்பதையும் அனுமதிக்காதீர்கள். தெறிக்கும் பொறி பூச்சில் பதிந்து, சில வாரத்தில் புள்ளிப் புள்ளியாகத் துருவாகத் தெரியும். கத்தரி வைத்து வெட்டச் சொல்லுங்கள். செம்புக் குழாயில் பட்டு வடியும் ஏ.சி. தண்ணீர் ஷீட்டில் சொட்டக்கூடாது. வாட்டம் பத்தடிக்கு ஓரடியாவது இருக்கட்டும்.

காற்று விஷயத்தில் கடலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலை தானே புயல் எங்கள் பக்கம்தான் கரையேறியது. பக்கம் திறந்த ஷெட்டுக்குள் காற்று புகுந்து அடியிலிருந்து தூக்கும், மேலே போகும் காற்றும் இழுக்கும். ஸ்க்ரூ பிடித்துக்கொண்டாலும், தூணின் அடித்தகட்டை மாடித் தரையில் பதித்த வெறும் தட்டோட்டின் மேல் போல்ட் அடித்திருந்தால் பைப்போடு சேர்ந்தே கிளம்பிவிடும். போல்ட், தட்டோட்டையும் அதன் அடியில் இருக்கும் சுருக்கியையும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு) தாண்டி, கான்கிரீட் தளத்தில் இறங்க வேண்டும். துளை போட்ட இடத்தில் தண்ணீர் இறங்காதபடி அடைக்கவும் வேண்டும். ஓரத்து ஷீட்டுகளில்தான் இழுப்பு அதிகம், அங்கே ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் ரப்பர் வெடிக்கும். தளர்வாக விட்டால் ஒழுகும்.

அக்கா வீட்டில் பொங்கல் கழித்துப் பழைய ஷீட்டை இறக்குகிறோம். பைப்பெல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் தூணின் அடித்தகடு ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது போல்ட் தட்டோட்டோடு நின்றிருந்தது. ஷீட்டுக்கு முன்னால் அந்த ஆறு தூண்களின் வேலைதான்.