பழைய ரிவால்வரை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரைச் சுற்றி முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் அதிகம். லைசென்ஸோடு வாங்கிய, வெப்லி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் .32 (அங்குலக் கணக்கில் துளை அளவு) ரிவால்வர் பல வருடமாகப் பீரோவில் இருக்கும். சிலிண்டர் (தோட்டா போடும் உருளை) ஆடுகிறது, ஹேமர் (பின்னால் இழுக்கும் சுத்தி) நிற்கவில்லை என்றால் உடனே தெரிந்த லேத் பட்டறைதான் நினைவுக்கு வரும். அங்கே கொடுக்கவே கூடாது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5ன்படி துப்பாக்கி ரிப்பேர் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கிக் கடை என்ற பலகையை மட்டும் நம்பாமல், கடைக்காரருடைய லைசென்ஸில் ரிப்பேரும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முறையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

லைசென்ஸ் இருந்தாலும் கைத்திறன் வேறு விஷயம். நல்ல மெக்கானிக் முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹேமரை மெதுவாக இழுத்து, சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஹேமர் முழுதாகப் பின்னுக்கு வரும்போது சிலிண்டர் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது தப்பினால் அறையும் குழலும் நேராக இருக்காது. சுடும்போது தோட்டாவின் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் கண்ணே போகலாம். இதையெல்லாம் பார்க்காமல் “ஸ்பிரிங் மாத்தினா சரியாயிடும்” என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், வெப்லி மார்க் 4 மாதிரியில் வந்ததுதான். அதற்காக அதன் பாகம் உங்கள் வெப்லியில் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அரம் பிடித்துப் பொருத்தத் தெரிந்த கை வேண்டும். தோட்டாவிலும் கவனம் தேவை. .32 பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் போய்விடும், ஆனால் அதன் அழுத்தம் அதிகம். “ரெண்டும் ஒண்ணுதான்” என்று ஒருவர் சொன்னால், ரிவால்வரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பாலிஷ்தான். பளபளப்புக்காகத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் வரிசை எண்ணே மங்கிப்போகிறது. அடையாள எண்ணை அழிப்பது பிரிவு 8ன் கீழ் குற்றம். பழைய நிறம் அப்படியே இருக்கட்டும், துரு மட்டும் போனால் போதும்.

அப்புறம் உங்கள் காகிதங்கள். 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போய்விட்டன. உங்கள் லைசென்ஸ் கோப்பு இப்போது எந்தக் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு, பக்கம்தானே என்று பெங்களூருக்குத் துப்பாக்கியோடு பஸ் ஏறாதீர்கள். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டார் என்றால் ரிப்பேர் பேச்சே பிறகுதான். முதலில் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் ரசீது அவசியம். அதில் தயாரிப்பு, துளை அளவு, வரிசை எண், தேதி எல்லாம் இருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது அந்த எண்ணை உங்கள் லைசென்ஸோடு வைத்து அங்கேயே சரிபாருங்கள்.