சுங்கை சிப்புட்டிலிருந்து புக்குஷிமா: முதல்முறை போகிறவர்களுக்கு

அணு விபத்து நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பலரும் முதலில் சொல்வது செர்னோபில். இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டதோடு அங்கே சுற்றுலா நின்றுபோனது. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஜப்பானின் புக்குஷிமா. அணு விபத்துகளை அளக்கும் அனைத்துலக அளவுகோலில் இதுவும் செர்னோபிலைப் போல 7-ஆம் நிலை விபத்துதான்.

படி 1: வீட்டில் சம்மதம் வாங்குங்கள்

இருப்பதிலேயே கஷ்டமான படி இதுதான். பேராக்காரர்களுக்குக் கதிரியக்கம் என்றாலே ஈப்போ பக்கத்து புக்கிட் மேராவும் அங்கே 1994-இல் மூடப்பட்ட அரிய மண் ஆலையும்தான் ஞாபகம் வரும். அதனால் அம்மா பயப்படுவதில் தப்பில்லை. "ஒன்றும் ஆகாதும்மா" என்று மழுப்பாமல் கணக்கைக் காட்டுங்கள்.

இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கிடைக்கிறது. பயணிகள் போகும் பகுதிகளில் தெருவோரம் அளவுமானிகள் நிற்கும். அவற்றில் பெரும்பாலும் மணிக்கு 0.1 மைக்ரோசீவெர்ட்டை ஒட்டிய எண்தான் தெரியும். ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால்தான் ஒரு மில்லி. விமானம் 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது மணிக்கு 1 மைக்ரோசீவெர்ட்டைத் தாண்டிவிடும். போகிற வழியில் வாங்குவதுதான் அதிகம்!

ஆனால் இந்தக் கணக்கு திறந்துவிட்ட பகுதிகளுக்கு மட்டும். தடுப்புக் கம்பி போட்ட இடத்துக்குள் நுழையவே கூடாது.

படி 2: கடப்பிதழ், டிக்கெட்

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை விசா தேவையில்லை. இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலையம், அப்புறம் தோக்கியோ. பையில் இறைச்சி எதுவும் வேண்டாம். செருண்டிங், கறி வறுவல் எல்லாம் ஜப்பானில் தடை. முறுக்கு போகும்.

படி 3: கிழமையைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

அடுத்த படியில் வரும் அருங்காட்சியகம், தொடக்கப்பள்ளி ஆகிய முக்கியமான இரண்டு இடங்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைக் கவனிக்காமல் போனால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தோக்கியோவிலிருந்து 'ஹிதாச்சி' விரைவு ரயிலில், அணு உலை இருக்கும் ஊர்களில் ஒன்றான புத்தாபாவுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலான ஹிதாச்சி ரயில்கள் வழியில் இருக்கும் இவாகி நகரத்தோடு நின்றுவிடும். செண்டாய் வரை போகிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். இவாகியில் ஓர் இரவு தங்கினால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

படி 4: எங்கே, எந்த வரிசையில்

முதலில் புத்தாபா நினைவு அருங்காட்சியகம். 2011 மார்ச் 11 பிற்பகல் 2:46-க்கு வந்த 9.0 நிலநடுக்கம், பின்னால் வந்த சுனாமி, மின்சாரம் போய்க் குளிரூட்ட முடியாமல் 1, 2, 3-ஆம் உலைகளில் எரிபொருள் உருகியது, 20 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் மக்களை வெளியேற்றியது என்று வரிசையாகப் புரிந்துவிடும். அணுசக்தியால் ஒளிமயமான எதிர்காலம் என்று ஊர் நடுவே ஒரு காலத்தில் தொங்கிய விளம்பரப் பலகையையும் இங்கே வைத்திருக்கிறார்கள். எனக்கு மற்ற படங்களையெல்லாம்விட அந்தப் பலகைதான் உறைத்தது.

அடுத்து, பக்கத்து ஊரான நாமியேயில் உக்கேதோ தொடக்கப்பள்ளி. கடலுக்கு மிக அருகில் இருந்தும் அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் குன்றுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனதால் எல்லாருமே பிழைத்தார்கள். கட்டடத்தை அலை அடித்த நிலையிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நேரம் மிச்சமிருந்தால் தொமியோக்கா ஊரில் அந்த அணு உலையை நடத்திய மின் நிறுவனமே நடத்தும் விளக்கக்கூடம், கட்டணம் இல்லை. தவறு செய்த நிறுவனமே சொல்கிற கதை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அணு உலை வளாகத்துக்குள் தனியாளாகப் போய் நின்றால் விடமாட்டார்கள்.

படி 5: நடந்துகொள்ளும் முறை

"பேய் ஊர்" என்று தலைப்புப் போட்டு காணொளி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். புத்தாபாவில் 2022 ஆகஸ்ட் இறுதியில்தான் மக்கள் திரும்பிக் குடியேற அனுமதி கிடைத்தது. காலியாகத் தெரிகிற வீட்டுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். தோட்டத்தை விற்று, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன கதை நம் குடும்பங்களிலும் உண்டு. அந்த லயத்து ஜன்னலில் யாரோ கேமராவை நீட்டினால் தாத்தா சும்மா விட்டிருப்பாரா? வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், கீழே கிடக்கும் எதையும் எடுக்காதீர்கள்.

படி 6: சாப்பாடு

பொது உணவுக்கு ஜப்பான் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (பொருளில் உள்ள கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அதைத் தாண்டினால் விற்பனைக்கு வராது. அதனால் புக்குஷிமா பீச் பழத்தைக் கோடையில் தைரியமாக வாங்கலாம். நாமியேயின் பெயர்பெற்ற வறுத்த நூடுல்ஸில் பன்றி இறைச்சி இருக்கும். சைவக்காரர்கள் இவாகியிலேயே ஏதாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வண்டிகள் குறைவு, அதனால் திரும்பும் ரயில் நேரத்தை இறங்கிய உடனே நிலையத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.